வெள்ளி முலாம் பூசிய பழங்காலப் பரிமாறு கருவிகள்

செம்பு, ஜெர்மன் வெள்ளி, பிரிட்டானியா உலோகம் முதலிய மலிவான உலோகங்களால் உருவாக்கப்பெற்று, மேற்பரப்பில் மட்டும் வெள்ளி படியவைக்கப்பெற்று, 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 20ஆம் நூற்றாண்டின் முதற் கால்பகுதி வரையில் மேனாட்டு உணவு மேசைகளில் வழங்கிய கரண்டி, முள்கரண்டி, இடுக்கி, அலகு முதலியவை இப்பெயரால் குறிக்கப்படும். பொதுத் தட்டிலுள்ள உணவை உண்பவர் தட்டிற்கு மாற்றுவதே இவற்றின் தொழில். இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஆகியவை இவற்றை மிகுதியாகச் செய்தன. எல்லா உணவிற்கும் பொதுவான கருவிகள் எளிதில் இனம் காணத்தக்கவை. ஒரே ஓர் உணவிற்கென்று பிரத்தியேகமாகச் செய்யப்பட்டவையோ, அவ்வுணவை அவ்விதமாகப் பரிமாறும் சம்பிரதாயம் மறைந்தபின், வைத்திருப்பவருக்கே பயன் விளங்காத விநோதப் பொருள்களாகிவிட்டன.

இத்தகைய கருவி ஒன்றைக் காண்பவருக்கு எழும் வினாக்கள் இரண்டு: இஃது எதற்காகச் செய்யப்பட்டது? எப்பொழுது செய்யப்பட்டது? முன்னதற்கு விடை கருவியின் தொழிற்படும் முனையிலும், பின்னதற்கு விடை பெரும்பாலும் பிடியின் பின்புறத்திலுள்ள முத்திரையிலும் அடங்கியுள்ளன. முத்திரையைக் கொண்டு பயனையும், வடிவத்தின் பழைமையைக் கொண்டு காலத்தையும் ஊகிக்க முற்படுவதனாலேயே இத்துறையில் பெரும்பான்மையான பிழைகள் நேர்கின்றன.

முலாம் முறைகளின் வரலாறு

வெள்ளியை வேறோர் உலோகத்தின்மேல் படியச் செய்யும் வித்தை, மின்சாரத்தின் இயல்பு அறியப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே ஐரோப்பியக் கம்மியர்க்குத் தெரிந்திருந்தது. சூடேற்றிய செம்பின்மீதோ பித்தளையின்மீதோ மெல்லிய வெள்ளித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பி, மெருகுக்கோலால் அழுத்தித் தேய்த்து ஒட்டுவிப்பது ஒரு முறை. இது பிரெஞ்சு முலாம் எனப்பட்டது. எஃகினாலான கத்தியலகுகளுக்கும் இறைச்சி கோக்கும் ஊசிகளுக்கும் மற்றொரு முறை கையாளப்பட்டது. எஃகை நவச்சாரக் கரைசலில் தோய்த்து, உருக்கிய வெள்ளீயத்தில் முக்கியெடுத்து, அதன்மேல் வெள்ளித் தகட்டைப் பொருத்திச் சுடுகோலால் அழுத்தினால், இடையிலுள்ள வெள்ளீயம் இளகி இரண்டையும் பிணைக்கும். இம்முறையிற் செய்த பொருளில் ஈரம் புகுமாயின் எஃகு துருவேறி, மேலுள்ள வெள்ளி கொப்புளம் கொப்புளமாக எழும்பும். பழைய மீன் அலகு ஒன்றில் இத்தகைய கொப்புளங்கள் காணப்பட்டால், அது மின்முலாம் பெற்றதன்று என்று பெரும்பாலும் துணியலாம்.

இக்கலையில் ஒரு யுகத்தைத் தொடங்கி வைத்தவர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துக் கத்திக் கம்மியராகிய தாமஸ் போல்சோவர் ஆவார். 1743ஆம் ஆண்டில், கத்திப்பிடி ஒன்றைச் செப்பனிடுகையில், அளவுக்கு மீறிச் சூடேறிய வெள்ளியும் செம்பும் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டதையும், பின்னர் அவ்விரண்டும் பிரியாமல் ஒரே உலோகம்போல் நீண்டு விரிந்ததையும் அவர் கண்டார் என்பது வழங்கிவரும் வரலாறு. வெள்ளி ஏறத்தாழ 962 டிகிரி சென்டிகிரேடிலும், செம்பு 1085 டிகிரியிலும் உருகுவனவாயினும், இரண்டும் தொடும் இடத்தில் உண்டாகும் கலப்பு ஏறத்தாழ 779 டிகிரியிலேயே இளகிவிடுமாதலால், இரு உலோகங்களும் தம் வடிவம் கெடாமலே இடைப்பரப்பில் மட்டும் கூடிவிடுகின்றன. செப்புக் கட்டியின் முகத்தை மெருகிட்டு, அதன்மேல் வெள்ளிப் பாளத்தை வைத்துக் கம்பியாற் கட்டி, ஓரங்களில் வெண்காரம் பூசி உலையிலிட்டு, விளிம்பில் வெள்ளி கசியத் தொடங்கும் தறுவாயில் வெளியே எடுத்து, பின்னர் உருளைகளுக்கிடையே செலுத்தித் தகடாக்குவதே முறையாயிற்று.

போல்சோவர் இத்தகட்டால் பொத்தான்களும் சிறு பெட்டிகளும் செய்வதோடு அமைந்தார். இதனைக் கொண்டு பெரும் பாத்திரங்களும் மெழுகுவர்த்தித் தண்டுகளும் செய்யலாமென்று காட்டியவர் அதே நகரத்தைச் சேர்ந்த ஜோசப் ஹான்காக். பர்மிங்காம் நகரையடுத்த சோஹோவில் பெருந்தொழிலாக வளர்த்தவர் மாத்தியூ போல்ட்டன். 1760இல் ஷெஃபீல்டுக்குச் சென்ற எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் ஓரிணை மெழுகுவர்த்தித் தண்டுகளை இரண்டு கினிக்கு வாங்கித் தம் கடிதமொன்றில் அதனைப் பாராட்டியிருப்பதிலிருந்து, உயர்குடியினரும் இதனை இழிவாகக் கருதவில்லை என்பது தெளிவாகும். முதலில் ஒரு பக்கத்தில் மட்டும் வெள்ளி ஒட்டப்பட்டது. அடிப்பக்கத்திற்கு வெள்ளீயம் பூசப்பெற்றது. பின்னர் இருபுறமும் வெள்ளியுடைய தகடு வந்தது. தகட்டை வெட்டுமிடத்தில் செம்பு தெரியுமாதலால், அவ்விளிம்பை வெள்ளிக் கம்பியால் மறைப்பது கம்மியர் கைத்திறனுக்கு உரைகல்லாக விளங்கிற்று. பெயரோ குலச்சின்னமோ பொறிப்பதற்கு வேண்டிய இடத்தில் திண்வெள்ளித் துண்டு ஒன்றைப் பதித்தலும் வழக்கம். அவ்விடத்தில் வாயால் ஊதினால் ஆவி படியும் வேறுபாட்டில் துண்டின் எல்லை புலப்படும்.

இம்முறைக்கு இயல்பாகவே ஓர் எல்லை இருந்தது. கரண்டிக்கும் முள்கரண்டிக்கும் விளிம்புகள் பல. அவை யாவற்றையும் மறைத்தல் அரிது. மறைத்தாலும் அன்றாட உபயோகத்தில் தேய்ந்து செம்பு வெளிப்படும். ஆகவே பழைய ஷெஃபீல்டு முலாமில் தட்டு, கிண்ணம், கூஜா முதலியன மிகுதி; கரண்டி வகைகள் மிக அரியவை. செம்பு தெரியும் கரண்டி ஒன்றைக் கண்டவுடன் அது பழைய ஷெஃபீல்டு என்று மகிழ்தல் தகாது.

கரண்டி வகைகளுக்கு வாழ்வளித்தது மின்முலாமே. 1800இல் வோல்ட்டா மின்கல அடுக்கை அமைத்தார். 1805இல் இத்தாலியரான புருன்யாத்தெல்லி அதன் துணையால் வெள்ளிமீது பொன்னைப் படியவைத்தார். எனினும் ஒட்டுறுதியுள்ள வெள்ளிப் படிவைத் தரவல்ல கரைசல் கிட்டவில்லை. பர்மிங்காமில் அறுவை மருத்துவராயிருந்த ஜான் ரைட், ஸ்வீடன் தேசத்து இரசாயன அறிஞர் ஷீலேயின் நூலைப் பயின்று, பொட்டாசியம் சயனைடுக் கரைசலே இதற்கு ஏற்றதென்று கண்டார். அவருடைய முறையை விலைக்குப் பெற்ற ஜார்ஜ் ரிச்சர்ட்ஸ் எல்கிங்டனும் ஹென்றி எல்கிங்டனும் 1840இல் காப்புரிமை பெற்றனர். பொருளை வேண்டிய வடிவத்தில் முற்றுவித்து, துளையிட்டு, பல் வகிர்ந்து, அதன்பிறகே வெள்ளித் தொட்டியில் தொங்கவிடுவதால், விளிம்பு, துளை, மூலை யாவும் ஒருசேர வெள்ளி பெற்றன. பிரெஞ்சு நாட்டில் சார்ல் கிறிஸ்டோபிள் 1842இல் இவ்வுரிமையை வாங்கினார். பின்னர் மூன்றாம் நெப்போலியனே அவரிடம் விருந்துப் பாத்திரத் தொகுதி ஒன்றைச் செய்வித்தமையால், முலாம் அரச மேசையிலும் ஸ்தானம் பெற்றது.

அடியுலோகத்திலும் மாறுதல் நேர்ந்தது. செம்பு, துத்தநாகம், நிக்கல் மூன்றும் கலந்த ஜெர்மன் வெள்ளி, சீனத்துப் பாக்தோங் உலோகத்தைப் பின்பற்றி 1820களில் ஜெர்மனியில் உருவாக்கப்பட்டது. இதில் வெள்ளி அணுவளவும் இல்லையாயினும் நிறம் வெண்மையாதலால், மேற்பூச்சுத் தேய்ந்தாலும் செம்பைப்போல் அவமானம் செய்யாது. வெள்ளீயத்தோடு சிறிது அன்டிமனியும் செம்பும் கலந்த பிரிட்டானியா உலோகம் இதனினும் மலிவு, மென்மையானது, எளிதில் உருகுவது. ஆதலின் அது தேநீர்க் கூஜாக்களுக்கே பெரிதும் பயன்பட்டது.

கருவிகள் பெருகிய காரணங்கள்

எல்லாப் பதார்த்தங்களையும் ஒருசேர மேசைமீது பரப்பும் பழைய பிரெஞ்சு முறையில், கைக்கெட்டிய கரண்டி எதுவோ அதுவே போதுமானதாயிருந்தது. 1810ஆம் ஆண்டில் பாரிஸிலிருந்த ரஷ்யத் தூதர் குராக்கின் அறிமுகம் செய்ததாகக் கொள்ளப்படும் ரஷ்யப் பரிமாற்று முறையில், பதார்த்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பணியாளரால் கொண்டுவரப்பட்டன. ஒவ்வொரு பதார்த்தமும் தனித்து வந்தமையால் ஒவ்வொன்றிற்கும் தனிக் கருவி வேண்டுமென்ற எண்ணம் தோன்றிற்று. நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அவ்வெண்ணம் ஆசாரமாகவே இறுகிற்று.

நெவாடாவில் 1859இல் கண்டுபிடிக்கப்பட்ட காம்ஸ்டாக் வெள்ளிச் சுரங்கமும், 1870களில் ஐரோப்பிய அரசுகள் வெள்ளி நாணயத்தைக் கைவிட்டமையும் வெள்ளியின் விலையைத் தாழ்த்தின. டப்பியில் அடைத்த மத்தி மீன், புட்டியில் வந்த ஆலிவ் காய், பனிக்கட்டி வணிகத்தால் இயன்ற ஐஸ்கிரீம் முதலிய புதுமைகளை நாகரிகமாகப் பரிமாற வேண்டிய தேவையும் கூடிற்று. அமெரிக்கத் தொழிற்சாலைகள் இவ்வாய்ப்பைச் சிறிதும் நாணமின்றிப் பயன்படுத்திக்கொண்டு, ஒரே சித்திர வேலைப்பாட்டில் நூற்றுக்கு மேற்பட்ட தனித்தனிக் கருவிகளை விலைப்பட்டியல்களில் அடுக்கின. ஒரே கருவிக்கே இரண்டு மூன்று பெயர்கள் சூட்டப்பட்டதும் உண்டு. 1925இல், அந்நாட்டு வர்த்தகச் செயலராயிருந்த ஹெர்பர்ட் ஹூவர், ஒரு வேலைப்பாட்டில் 55 வகைகளுக்கு மேல் வேண்டாமென்று பரிந்துரைத்தபிறகே இப்பெருக்கம் அடங்கிற்று.

உலோக இயல்பும் ஒரு காரணமாகும். 1913இல் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹாரி பிரியர்லி துருவேறா எஃகை உருவாக்குமுன், சாதாரண எஃகலகு எலுமிச்சைச் சாற்றிலும் காடியிலும் கறுத்து உணவிற்குத் தன் சுவையை ஏற்றியது. ஆதலால் மீனுக்கும் பழத்துக்கும் வெள்ளியலகு இன்றியமையாததாயிற்று. மீன்கத்தி கூரின்றியிருப்பதற்குக் காரணம், வெந்த மீனுக்கு வெட்டுதல் வேண்டாமையும் பிரித்தலே போதுமானதாயிருத்தலுமேயாம். உப்புக் கரண்டியின் உட்குழியில் பொன் முலாம் பூசியது உப்பின் அரிப்பைத் தடுப்பதற்காக. முட்டைக் கரண்டிக்கு அவ்வாறு செய்தது முட்டையிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யுமாதலால். குழிமட்டும் மஞ்சளாக உள்ள சிறு கரண்டியைக் காண்பவர் முதலில் இவ்விரண்டையும் நினைத்தல் தகும்.

தொழிற்படும் முனையைக் கொண்டு வகைப்படுத்தல்

வணிகர் வழங்கும் பெயர்களைவிட, உணவோடு தொடர்புறும் முனையின் அமைப்பே நம்பத்தக்கது. பொத்தலுடையன, அலகுடையன, பல்லுடையன, பற்றுவன, தோண்டுவன, வெப்பம் காப்பன என அறுவகையாகப் பகுத்துக் காணலாம்.

பொத்தலுடையன: பொத்தல், உணவு ஏதோ ஒரு நீரில் அல்லது பொடியில் இருந்ததைக் காட்டும். தட்டையான வட்டத் தகட்டில் சித்திரப் பொத்தலிட்டது தக்காளிச் சீவல் எடுப்பது. அதே அமைப்பில் சிறியது வெள்ளரித் துண்டுக்குரியது. ஆழ்ந்த பெருங்குழியும் வரிசைத் துளைகளும் உடையது பட்டாணிக் கரண்டி. மிக நுண்ணிய துளைகளோடு அகப்பைபோல் வளைந்தது பழங்களின்மேல் சர்க்கரை தூவுவது. அகன்று குறுகிய பொத்தற் குழியும் பருத்த பிடியும் உடையது, நியூயார்க் மாகாணத்துச் சாரடோகா ஊரின் பெயரால் வழங்கிய உருளைக்கிழங்கு வறுவலுக்குரியது. வட்டமான துளைக்குழியும் குட்டைப் பிடியும் கொண்ட ஒன்று அடிக்கடி தக்காளிக் கரண்டியென்று விற்கப்படுகின்றது. அதன் குழிவு கண்ணாடிக் குவளையின் வாயில் பொருந்துமாயின், அது ஜூலெப் என்னும் மதுபானத்தில் பனிக்கட்டியைத் தடுக்கும் வடிகட்டியே. குழியின் நடுவில் பெருந்துளையாக ஒரு வளையம் மட்டுமே எஞ்சியிருப்பது ஆலிவ் கரண்டி. உப்புநீர் வழிந்துபோகக் காய்மட்டும் தங்கும். நெடிய பிடி புட்டியின் அடிவரை எட்டுவதற்காக. துளையிட்ட சிறு குழியும், ஊசிபோல் மெலிந்து அம்புமுனையில் முடியும் பிடியும் உடைய துகள் கரண்டி, ஏறத்தாழ 1690 முதல் ஒரு நூற்றாண்டுக் காலம் தேநீர் மேசையில் இருந்தது. குழியால் மிதக்கும் இலைத்துகளை நீக்கி, முனையால் கூஜா மூக்கின் உட்புறத் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்தனர். இது பெரும்பாலும் திண்வெள்ளியில் அமைந்ததாகலின் முலாம் பொருளாகக் கிடைப்பது அரிது.

அலகுடையன: மீன் அலகு முதலில் கொத்தனார் கரணைபோல் முக்கோணமாயிருந்து, பின்னர் நீள்வட்டமாகி, 19ஆம் நூற்றாண்டில் வளைந்த கத்தி வடிவம் பெற்றது. அதன் பொத்தல்கள் நீர் வடிவதற்கு உரியவை. மீன் உருவம் பொறித்திருத்தலும் உண்டு. அச்சில் உறைந்த ஐஸ்கிரீமை வெட்டும் அலகு பெரியது. ஒருபுறம் கூராயும் மறுபுறம் எழும்பிய விளிம்பாயும் இருக்கும். இவற்றோடு வைத்து மயங்கப்படுவது துணுக்கு வாரி. நீண்டகன்ற அலகின் ஒரு பக்கத்தில் மட்டும் சுவர்போல் விளிம்பு நிமிர்ந்து, பொத்தலே இல்லாமல் இருக்குமாயின், அஃது உணவைத் தொடும் கருவியன்று. இனிப்பு வருவதற்கு முன் மேசைவிரிப்பிலுள்ள ரொட்டித் துணுக்குகளைப் பணியாளர் வாரியெடுப்பதற்குரியது.

பல்லுடையன: பற்களின் நீளமும் இடைவெளியும் உணவின் உறுதியைக் காட்டும். குட்டையான அகன்ற பற்கள் பல நெருங்கி, சிலவற்றில் நுனிகள் குறுக்குச் சட்டத்தால் இணைந்திருப்பது மத்தி மீன் முள்கரண்டி. எண்ணெயில் ஊறி நைந்த மீன் உடையாமல் கிடந்தபடியே எழ வேண்டுமாதலின் குத்துமுனை அதற்கு ஆகாது. மூன்று பற்கள் வெளிநோக்கி விரிந்த சிறு முள்கரண்டி எலுமிச்சைச் சீவலுக்கு உரியது. பெரியது ரொட்டித் துண்டுக்கு. நெடிய பிடியும் நுனியில் தூண்டிற் கொக்கிபோன்ற எதிர்முள்ளும் உடையது ஊறுகாய் முள்கரண்டி. புட்டியிலிருந்து வழுக்கும் காயைத் தப்பவிடாது. பல் ஒன்று தக்கை திருகிபோல முறுக்கேறியிருக்குமாயின் அது வெண்ணெய் உருண்டையை எடுப்பது. அமெரிக்க வேலைப்பாடுகளிலேயே மிகுதியாகக் காணப்படுவது.

பற்றுவன: தண்ணீர்விட்டான் இனத்தைச் சேர்ந்த ஆஸ்பரகஸ் தண்டைப் பரிமாறுவதற்கு, அகன்ற பொத்தற் தகடுகள் இரண்டு எதிரெதிராயமைந்த இடுக்கியும், தகட்டின்மேல் வில்வளையம் பொருந்திய அலகும் இருந்தன. திராட்சைக் கத்திரி குலையிலிருந்து சிறு கிளையைத் துண்டிப்பது. ஓரலகு மற்றதன் விளிம்புக்குள் அமர்ந்து காம்பை வெட்டியவுடனே பிடித்துக்கொள்வதால் பழம் மேசையில் சிதறாது. பிடிகளில் கொடியும் இலையும் வார்த்திருக்கும். நத்தை இடுக்கியின் விசை தலைகீழானது: அழுத்தினால் திறக்கும், விட்டால் கவ்வும். முனைகள் பறவை நகம்போல் வளைந்தது பனிக்கட்டிக்கும், தட்டையான சிறு கிண்ணமாய் முடிவது சர்க்கரைக் கட்டிக்கும் உரியவை. குழலின் வாயில் திருகாணி பொருந்தி, மரக்கைப்பிடியோ உலோகப் பிடியோ உடையதாய், எதனோடும் சேராததுபோல் தோன்றும் கருவியொன்று பிரெஞ்சு மேசைகளுக்கு உரியது. ஆட்டுத்தொடை எலும்பின் நுனியை அதனுட் செருகித் திருகி, கையில் கொழுப்புப் படாமல் பிடித்துக்கொண்டு இறைச்சியை அரிவர்.

தோண்டுவன: இரு முனைகளிலும் அகலம் வேறான நீண்ட வாய்க்கால்களையுடைய கோல், எலும்பு மஜ்ஜையைத் தோண்டுவது, பெரிய எலும்புக்கு ஒரு முனை, சிறிய எலும்புக்கு மறுமுனை. அரைக்குழாய் போன்ற அலகும், பிடியிலிருந்து முன்னே தள்ளும் நழுவுத் தகடும் உடையது ஸ்டில்ட்டன் பாலாடைக் கட்டிக்குரியது. வெட்டிய துண்டை அந்நழுவுத் தகடே தட்டில் தள்ளிவிடும். குட்டைப் பிடியோடு சிப்பி வடிவான அகன்ற குழியுள்ளது தேயிலைப் பெட்டிக் கரண்டி. பிடி குட்டையாயிருப்பது பெட்டிக்குள் அடங்குவதற்காகவே.

வெப்பம் காப்பன: சங்கு போன்ற கடற்சிப்பி ஒன்று பாறைமேல் அமர்ந்ததுபோல் வார்த்து, வாயில் மூடி பொருத்திய முலாம் பாத்திரத்தைப் பலர் அலங்காரப் பொருளாகவோ பூச்சாடியாகவோ கருதுகின்றனர். அது விக்டோரியா காலத்துக் கரண்டிச் சூடேற்றி. அதில் வெந்நீர் நிரப்பிக் குழம்புக் கரண்டிகளை ஊன்றி வைப்பர். குளிர்ந்த உலோகத்தில் கொழுப்பு உறையாதிருக்கும். அதே நோக்கத்தோடு இரட்டைச் சுவரோ உள்ளறையோ அமைத்து வெந்நீர் ஊற்றப்பெற்ற இறைச்சிச் சாற்றுக் கூஜா, ஆர்கைல் கோமகன் பெயரால் ஆர்கைல் எனப்பட்டது; இது தேநீர்க் கூஜாவாக மயங்கப்படும்; நீர் ஊற்றும் தனிவாயே வேறுபடுத்தும் அடையாளம்.

முத்திரைகளைக் கொண்டு காலம் அறிதல்

இங்கிலாந்தில் திண்வெள்ளிக்குச் சட்டப்படி, நடக்கும் சிங்கத்தின் முத்திரை இருந்தது, முலாமுக்கு இல்லை. 1773இல் ஷெஃபீல்டிலும் பர்மிங்காமிலும் பரிசோதனை நிலையங்கள் நிறுவப்பட்டு, முன்னதற்குக் கிரீடமும் பின்னதற்கு நங்கூரமும் சின்னங்களாயின. 1784ஆம் ஆண்டுச் சட்டம் ஷெஃபீல்டைச் சூழ்ந்த 100 மைல் எல்லைக்குள் இருந்த முலாம் தொழிலாளர் தம் முத்திரையைப் பதிவுசெய்ய வழி செய்தது. மின்முலாம் வந்தபின், தொழிற்சாலைகள் தம் பெயரெழுத்துகளைக் கேடயங்களுக்குள் தனித்தனியே பொறித்து, பார்வைக்குத் திண்வெள்ளி முத்திரை வரிசையெனத் தோன்றச் செய்தன. அவ்வரிசையில் சிங்கம் உண்டா என்று காண்பதே முதற் சோதனை.

ஈ.பி.என்.எஸ். என்ற எழுத்துகள் ஜெர்மன் வெள்ளியின்மேல் மின்முலாம் என்பதையும், ஈ.பி.பி.எம். என்பவை பிரிட்டானியா உலோகத்தின்மேல் மின்முலாம் என்பதையும் குறிக்கும். ஏ1 என்பது முலாமின் தரத்தைப் பற்றித் தொழிற்சாலை தானே சொல்லிக்கொண்ட உறுதி. அமெரிக்காவில் மும்மடங்கு, நான்மடங்கு என்ற சொற்கள் அதே பணியைச் செய்தன. 'ஷெஃபீல்டு பிளேட்' என்ற சொற்களே பொறிக்கப்பட்டிருக்குமாயின், அது போல்சோவர் முறையில் ஆனதன்று, பிற்கால மின்முலாமே.

சாய்சதுர வடிவிலுள்ள வடிவப்பதிவு முத்திரை 1842 முதல் 1883 வரை வழங்கியது. அதன் மூலைகளிலுள்ள எழுத்துகளும் எண்களும் பதிவுசெய்த நாளைத் தரும். 1884 முதல் அதற்கு மாற்றாகத் தொடர் எண் வந்தது. இரண்டும் வடிவம் பதிவான காலத்தையே காட்டுமன்றி, அப்பொருள் செய்யப்பட்ட காலத்தை அல்ல. 1890ஆம் ஆண்டு அமெரிக்கச் சுங்கச் சட்டத்தின் விளைவாக இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் பொறிக்கப்பட வேண்டியதாயிற்று. ஆதலால் 'இங்கிலாந்து' என்ற சொல் காணப்படுமாயின் பொருள் பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது.

எண்கள் பெரிதும் ஏமாற்றுவன. '1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்' என்பது கனெக்டிகட் மாகாணத்துச் சகோதரர்கள் தொழில் தொடங்கிய ஆண்டைத் தாங்கிய வணிகச் சின்னம். 20ஆம் நூற்றாண்டில் செய்த கரண்டியிலும் அவ்வெண் உண்டு. ஜெர்மன் கரண்டிகளிலுள்ள 90 என்ற எண்ணை நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளியென்று கொள்வது தவறு. ஒரு டஜன் கரண்டிகளுக்கும் ஒரு டஜன் முள்கரண்டிகளுக்கும் சேர்த்து 90 கிராம் வெள்ளி படியவைக்கப்பட்டது என்பதே அதன் பொருள். கிறிஸ்டோபிள் முத்திரையிலுள்ள 84 என்பதற்கும் இதுவே முறை. திண்வெள்ளியாயின் ஜெர்மனியில் 800 என்பது போன்ற ஆயிரத்தில் அளவிட்ட எண் இருக்கும்.

முத்திரையே இல்லாதபோது தேய்மானத்தை நோக்குதல் வேண்டும். கரண்டிக் குழியின் அடிப்புறமும் பற்களின் நுனியும் முதலில் தேய்வன. அவ்விடங்களில் செம்மை தெரிந்தால் அடியுலோகம் செம்பு. மங்கிய மஞ்சள் கலந்த சாம்பல் நிறமாயின் ஜெர்மன் வெள்ளி. அமிலச் சோதனை பொருளில் வடு விளைவிக்குமாதலின் இறுதியாகவே கையாளத் தக்கது.

சென்னை மவுண்ட் ரோட்டில் புகழ்பெற்றிருந்த பி. ஆர் அண்ட் சன்ஸ் முதலிய நிறுவனங்களின் பெயரோடு தெய்வ உருவங்கள் புடைத்து நிற்கும் 'சுவாமி' வேலைப்பாட்டுத் தேநீர்த் தொகுதிகளும் கரண்டிகளும் திண்வெள்ளியாலானவை. ஆங்கில முத்திரை வரிசை இல்லாமை கருதி அவற்றை முலாமென்று தள்ளுதல் பிழை.

மாற்றப்பட்டனவும் மறுமுலாம் பெற்றனவும்

அரிய கருவிக்கு விலை மிகுதியாதலின், சாதாரண மேசைக் கரண்டியில் துளையிட்டுப் பட்டாணிக் கரண்டியாகவும், குழியைப் பல்லாக வகிர்ந்து முள்கரண்டியாகவும் மாற்றி விற்றல் நேர்ந்துள்ளது. தொழிற்சாலையில் துளையிட்ட பின்னரே முலாம் ஏறுமாதலால், உண்மையான பொருளில் துளையின் உட்சுவரும் வெண்மையாயிருக்கும்; பின்னர்த் துளையிட்டதில் அடியுலோகம் தெரியும். விக்டோரியா காலத்தில் பழைய மேசைக் கரண்டிகளின் குழியில் பழக்கொத்துகளைப் புடைத்துப் பொன் முலாமிட்டுப் பழக்கரண்டியாக்கும் வழக்கமும் இருந்தது. அவற்றில் முத்திரை ஒரு காலத்தையும் அலங்காரம் மற்றொரு காலத்தையும் காட்டும். பழைய ஷெஃபீல்டுப் பொருளுக்கு மின்முலாம் இடுதல், அதன் இளநீல ஒளியையும் விளிம்பு வேலையின் சான்றையும் அழித்துவிடுமாகலின் விலக்கத்தக்கது. அன்றாட மின்முலாம் பொருளுக்கு மறுமுலாம் குற்றமன்று.

இன்றைய நிலை

துருவேறா எஃகு பரவியதனாலும், பணியாளர் வைத்துப் பரிமாறும் குடும்பங்கள் குறைந்ததனாலும் இத்தொழில் பெரிதும் சுருங்கிவிட்டது. ஷெஃபீல்டு அருங்காட்சியகங்களிலும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் சிறந்த தொகுதிகள் உள்ளன. ஏனையவை பழம்பொருள் கடைகளிலும் ஏலங்களிலும் விற்பனையாகின்றன.